விலாசம்

தாம்பரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார ரயில் வண்டலூரையும் கூடுவாஞ்சேரியையும் சிங்கப்பெருமாள் கோயிலையும் கடந்து, பரனூரை விட்டுப் புறப்பட்டதும், கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து, அதுகாறும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிரயாணிகளைக்கூடச் சற்று நேரம் ஜன்னல் பக்கம் திரும்பச் செய்துவிடுகிறது. செங்கல்பட்டில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் திருக்கழுக்குன்றத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ, ஊருக்குள்ளேயே இருக்கும் அரசு மருத்துவமனைக்கோ கோர்ட்டுக்கோ போகிறவர்கள். ஆயினும் அந்த ஸ்டேஷனுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஊரார் விரட்டியவர்களும், உற்றார் மாட்டுக்கொட்டிலில் மறைத்து வைத்துச் சோறு தள்ளியவர்களும், தங்களால் தங்கைக்குக் கல்யாணம் தடைப்படக் கூடாதென்று ஓரிரவில் தாமே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களுமாகிய எத்தனையோ ஆண்களும் பெண்களும் அங்கே இறங்கி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, திருமணிக்கு வழி எது என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வழியில் நான் ஒரு சனிக்கிழமை போய்வந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

திருமணியில், 1920-களில், சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியார் பெயரால் தொழுநோயாளர்களுக்கென்று ஒரு பெரிய வைத்திய ஸ்தாபனம் ஏற்பட்டது. அந்நாளில் இந்நோய்க்கு மருந்தென்று சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான். நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த அந்த எண்ணெயை மேல்நாட்டு முறை வைத்தியர்கள் ஊசியின் வழியாக உடலில் ஏற்றினார்கள். ஊசியின் வேதனை மிகுதி, பலனோ நிச்சயமில்லை. 1940-களின் நடுப்பகுதியில், அங்கே வைத்தியம் செய்துவந்த ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் இனத்தைச் சேர்ந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல குணம் கண்டார். டாப்ஸோன் என்று பின்னர் உலகமெங்கும் வழங்கிய மருந்து அதுவே. ஆதலின், குஷ்டரோகம் தீரும் என்ற செய்தி முதன்முதலில் நிரூபணமான இடங்களுள் ஒன்று நம் செங்கல்பட்டு என்று சொல்வதில் மிகையில்லை. 1955-இல் மத்திய அரசு அந்த ஸ்தாபனத்தை ஏற்று, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய நிலையமாக ஆக்கியது. நோய் தீர்ந்தவர்களை மட்டும் அவர்கள் புறப்பட்டு வந்த ஊர்கள் ஏற்க மறுத்தபடியால், அவர்களில் பலர் சுற்றுப்புறங்களிலேயே தங்கிக் குடிசை போட்டார்கள். 1970-களில் தமிழ்நாட்டு அரசு இரவலராகத் திரிந்த நோயாளிகளுக்கென ஏற்படுத்திய மறுவாழ்வு இல்லங்களில் ஒன்று பரனூரில் இருக்கிறது. இவ்வாறாக அந்தப் பிரதேசத்தில் ஆங்காங்கே குடியிருப்புகள் தோன்றின.

நான் சென்ற குடியிருப்பின் பெயரை இக்கட்டுரையில் எழுதப் போவதில்லை. அங்குள்ள முதியவர்களுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள், கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்களும் கல்லூரிக்குப் போகும் பெண்களும், பெயர் அச்சில் வராமல் இருந்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் உடலிலும் நோய் இல்லை. ஒருபோதும் இருந்ததும் இல்லை. இந்த நோய் தாய் தந்தையர் இரத்தத்தின் வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை என்பதை நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-ஆம் ஆண்டில் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்த நாள் முதலாகவே உலகம் அறியும். அந்தக் கிருமியும் மிகவும் மெதுவானது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. ஆகவே பரம்பரையாக வருவது நோய் அன்று. பரம்பரையாக வருவது விலாசம். அன்று பகல் முழுவதும் நான் கண்டவற்றையும் கேட்டவற்றையும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இந்த ஒரு விஷயத்திலேயே போய் முடிகிறது.

வாரந்தோறும் இக்குடியிருப்புகளுக்குச் சென்று புண்களுக்குக் கட்டுப் போடும் வைத்திய வண்டி ஒன்றில், அதன் நர்ஸ் எனக்குப் பல காலம் பழக்கமானவர் என்ற உரிமையில், என்னையும் வேறு சில தொண்டர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் அந்த அம்மையார் எங்களுக்கு இட்ட கட்டளைகள் மூன்று: சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செய்ய வேண்டும், யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது, அவர்களாகப் பழைய கதையைச் சொன்னாலன்றி நாமாகக் கேட்கக் கூடாது. தொண்டு செய்யப் போகும் இடங்களிலெல்லாம் இம்மூன்றையும் எழுதி ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

குடியிருப்பு ஒரு சிறிய கிராமம் போலத்தான் இருந்தது. இரண்டு தெருக்கள், அரசு கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகள், பிள்ளையார் கோயில் ஒன்று, அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிலுவை வைத்த ஜெப வீடு ஒன்று, வேப்பமரத்தடியில் கட்டிய ஆடுகள். தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டன. இங்குள்ள குடும்பங்களின் அமைப்பே ஒரு விசேஷம். ஊர்கள் கைவிட்டபோது ஜாதியும் சேர்த்தே கைவிட்டுப் போனமையால், சித்தூர்ப் பக்கத்து விவசாயியின் மகன் விழுப்புரத்துப் பக்கத்து நெசவாளியின் மகளை மணந்திருப்பதும், இந்து வீட்டில் கிறிஸ்தவ மருமகள் இருப்பதும் இங்கே யாரும் எடுத்துச் சொல்லாத சாதாரண விஷயங்கள். நம் சீர்திருத்தக்காரர்கள் எத்தனையோ மேடைகளில் வேண்டி நின்ற ஒரு காரியம், நாம் வெறுத்து ஒதுக்கிய மனிதர்களிடையே ஓசையின்றி நடந்தேறியிருக்கிறது.

வேப்பமரத்தடியில் வரிசையாக ஸ்டூல்கள் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிளாஸ்டிக் டப் வைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்புவது எங்கள் முதல் வேலை. காலை வெயில் இன்னும் ஏறாத நேரமாதலால், வயதானவர்களுக்கு வெந்நீர் வைத்தால் இதமாயிருக்குமே என்று தொண்டர்களுள் ஒரு வாலிபர் கேட்டதற்கு நர்ஸ் சொன்ன பதில்தான் இந்நோயின் தத்துவத்தையே விளக்குவதாயிருந்தது. "கொதிக்கிற தண்ணியில வெச்சாலும் எடுக்கமாட்டாங்க தம்பி. தெரியாது. சாயங்காலம் தோல் உரிஞ்சதும்தான் தெரியும்," என்றார்.

இந்தக் கிருமி உடலில் உஷ்ணம் குறைந்த இடங்களையே விரும்புகிறது. அதனால் முழங்கை, முழங்கால், முகம் முதலிய இடங்களில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்புகளே முதலில் பழுதாகின்றன. கையிலும் காலிலும் உணர்ச்சி அற்றுப் போகிறது; விரல்கள் மடங்கிவிடுகின்றன; இமைகள் மூடாமல் கண்கள் உலர்கின்றன. விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று நம்மில் பலர் இன்றும் நம்பிக்கொண்டிருப்பது முழுத் தவறு. அந்தத் தவற்றைத் திருத்தியதிலும் செங்கல்பட்டுக்குப் பங்குண்டு. கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்கு 1914-இல் பிறந்து, பிறகு இங்கிலாந்தில் ரண சிகிச்சை பயின்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்ற வைத்தியரை, 1947-இல் காக்ரேன் தம் ஸ்தாபனத்துக்கு அழைத்துச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். செத்துப்போனதாக எல்லாரும் எண்ணியிருந்த அந்தக் கை இரும்புப் பிடியாக அவர் கையைப் பற்றி நோகச் செய்தது. மடங்கிய கையிலும் நல்ல தசைகள் உயிரோடிருக்கின்றன என்பதை அந்த நோவிலிருந்து அவர் கண்டுகொண்டார். நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலோடு இணைத்து அதை நிமிரச் செய்யும் சிகிச்சை, பின்பு வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் வளர்ந்து, எத்தனையோ கைகளுக்கு மறுபடி கவளம் பிசையும் சக்தியைக் கொடுத்தது. விரல் குறைவது கிருமியால் அன்று, வலி தெரியாமையால் நேரும் காயங்களால்தான் என்பதையும் அவரே பிரத்தியட்சமாக நிலைநாட்டினார். அடுப்புச் சட்டியைத் துணியின்றிப் பிடிக்கும் கை, முள் தைத்ததை அறியாமல் நடக்கும் கால், இரவில் எலி கடித்தும் விழிக்காத உறக்கம், இவைதாம் விரல்களைக் கொண்டு போகின்றன.

என் பங்கில் வந்து அமர்ந்தவர் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆயா. கால் விரல்கள் அநேகமாக இல்லை. இடது உள்ளங்காலில் பல்லாண்டுப் புண் ஒன்று ஆறுவதும் திறப்பதுமாக இருந்து வருகிறதாம். கால்களை இருபது நிமிஷம் போல் தண்ணீரில் ஊறவிட்டு, ஓரங்களில் காய்த்துப்போன தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். வியர்வைச் சுரப்பும் நரம்போடு போய்விட்டதால், எண்ணெய் பூசி ஈரத்தைக் காக்காவிட்டால் தோல் வெடித்துவிடும், வெடிப்பில் புழுதி சேரும், புண்ணாகும், எலும்பு வரை போகும். புண்ணைச் சுற்றிய தடித்த தோலைக் கத்தியால் சீவியெடுத்துக் கட்டுப் போடுவது நர்ஸின் வேலை. என்னுடையது கல்லும் எண்ணெயும். ஆயா என்னைவிடக் கூர்மையாக என் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"குதிகால்ல இன்னும் கொஞ்சம் தேய்ங்க சார். எனக்கு ஒண்ணும் வலிக்காது, நீங்க பயப்படாதீங்க," என்றார். பிறகு தாமாகவே சொன்னார்: "வலிச்சா எவ்ளோ நல்லாருக்கும். கல்யாணமான புதுசுல சட்டி சூடு கைல தெரியும். அப்புறம் அதுவும் போயிடுச்சு. இப்ப கண்ணாலதான் நடக்கறேன்."

கண்ணால் நடப்பது என்று அவர் சொன்னது அணியன்று. ஒவ்வோர் அடியும் வைக்குமுன் தரையைப் பார்த்து, வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் திருப்பிச் சிவந்திருக்கிறதா, சூடாயிருக்கிறதா என்று ஆராய்ந்து, நமக்கு உடலே இலவசமாகச் செய்து தரும் காவலை அவர்கள் தினந்தோறும் புத்தியால் செய்துகொள்கிறார்கள். செருப்பில் பாதத்துக்கு அடியில் எம்.சி.ஆர். என்று அங்கே எல்லோரும் சொல்லும் மெத்தென்ற கறுப்பு ரப்பர் இல்லாமல் அவர்கள் வெளியே இறங்குவதில்லை. ஆயாவின் பாதங்களைக் காகிதத்தில் வைத்து பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து அளவெடுத்தேன். வலதும் இடதும் இரு வேறு மனிதர்களுடைய கால்களைப் போலிருந்தன. கடையில் விற்கும் எந்த ஜோடியும் அவருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு செருப்பும் ஒவ்வொரு காலுக்கென்றே தைக்கப்பட வேண்டும்.

ஒரு நாளில் வந்துபோகும் தொண்டரால் இவர்களுக்கு ஆகும் பிரயோஜனம் என்ன என்று யோசித்தால், நேர்மையான பதில், மிகவும் குறைவு என்பதே. புண் ஆறுவது நூறு சனிக்கிழமைகளில் ஒன்றும் தவறாமல் வரும் அந்த நர்ஸாலும், அவர் வராத ஆறு நாட்களும் தாமே கால் ஊறவைக்கும் ஆயாவின் ஒழுங்காலும்தான். காந்தியடிகள் சேவாகிராமத்தில் பர்சுரே சாஸ்திரி என்ற வடமொழிப் பண்டிதரை, அவர் நோய் முற்றிய நிலையில் வந்து சேர்ந்தபோது ஏற்று, அருகிலேயே குடிசை அமைத்து, நாள்தோறும் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். மகாத்மா மறைந்த ஜனவரி 30-ஐத் தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் அனுசரிக்கிறோம். அந்தச் செய்கையின் மகத்துவம் ஒரு முறை தொட்டதில் அன்று, நாள்தோறும் என்பதிலேயே இருந்தது. நம்மவர்களில் டி. என். ஜகதீசனை நினையாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. பிள்ளைப் பிராயத்திலேயே இந்நோய்க்கு ஆளானவர். ஆங்கிலப் புலமையில் சிறந்து, ஸ்ரீநிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். இலக்கிய உலகில் சுகமாகக் காலம் தள்ளியிருக்கக்கூடிய அவர் தம் வாழ்நாளையே தொழுநோய்த் தொண்டுக்கு அர்ப்பணித்து, விழுப்புரத்தை அடுத்த மழவந்தாங்கலில் கஸ்தூரிபாய் பெயரால் ஒரு நிவாரண நிலையம் உருவாக முன்னின்றார். 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவருடைய பெயரை இன்றைய நம் மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மத்தியானம் சாப்பாட்டுக்குக் குடியிருப்பின் தலைவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். எண்பதைத் தாண்டிய அந்தப் பெரியவரின் கைகளை நான் உற்றுக் கவனித்தேன்; பத்து விரல்களும் நீண்டு, நேராக, தச்சு வேலை செய்து காய்த்த நல்ல கைகள். அவருக்கு நோய் கிடையாது. அவருடைய தாய்க்கும் தந்தைக்கும்தான் இருந்தது. அந்நாளில் இத்தகைய ஸ்தாபனங்களில் நோயாளருக்குப் பிறக்கும் குழந்தைகளைக் கைப்பிள்ளையாயிருக்கும்போதே பிரித்து, நோயற்ற பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட தனி இல்லங்களில் வளர்க்கும் வழக்கம் இருந்தது. மருந்து இல்லாத காலத்தில் குழந்தையைக் காப்பதற்கு வேறு வழி தெரியாமல் செய்தார்கள். நோக்கத்தில் தயை இருந்தது. ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் குழந்தைகள்.

"எட்டு வயசு வரைக்கும் எங்கம்மாவ வேலிக்கு அந்தாண்ட நின்னுதான் பாத்தேன்," என்று பெரியவர் சொன்னார். "மாசத்துக்கு ஒரு தபா. அவங்க முந்தானையால கைய மூடிக்கினு நிப்பாங்க. கை எப்படி இருக்கும்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது."

அங்கே தச்சு வேலை கற்று, வாலிபத்தில் பட்டணத்துக்குப் போய் ஒரு பட்டறையில் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர் என்று பெயரும் எடுத்தார். ஓராண்டுக்குப் பின், தாய்க்கு உடம்பு சரியில்லை என்று ஊரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. அனுப்பினவர் விலாசத்தைப் பட்டறையில் யாரோ படித்துவிட்டார்கள். மறுநாள் அவர் உளிகளைத் தனியாக ஒரு கோணியில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு திரும்பியவர் இந்தக் குடியிருப்பிலேயே மணம் செய்து, இங்குள்ள கதவு ஜன்னல்களையெல்லாம் செய்து, அறுபது ஆண்டுகளாக இங்கேயே இருந்துவிட்டார். தம் உடலில் ஒரு நாளும் இல்லாத நோய்க்காக ஓர் ஆயுட்காலத்தை இவ்வேலிக்குள் கழித்தவர் அவர்.

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்குச் சில நியாயங்கள் உண்டு. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கூட்டு மருந்து முறையால், ரிஃபாம்பிசின், குளோஃபஸிமின், டாப்ஸோன் என்னும் மருந்துகளை ஆறு மாதமோ, நோய் மிகுந்திருந்தால் ஒரு வருஷமோ உட்கொண்டால் நோய் தீர்ந்துவிடுகிறது. தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மையும் நின்றுவிடுகிறது. மருந்து முற்றிலும் இலவசம். பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற விகிதத்துக்குக் கீழே 2005-ஆம் ஆண்டு இறுதியில் நோய் குறைந்துவிட்டதென இந்திய அரசு அறிவித்தது. நோயாளி இரவலர்களைப் பிடித்து அடைக்க வகை செய்த 1898-ஆம் வருஷத்துச் சட்டம் 2016-இல் ரத்தாயிற்று. இந்நோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோரலாம் என்ற விதி 2019-இல் நீங்கியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள், ஒரு லட்சத்தைத் தாண்டியவர்கள், இன்னும் நம் தேசத்தார்தாம். வென்றுவிட்டோம் என்ற அறிவிப்புக்குப் பின் சிரத்தை தளர்ந்துவிட்டதோ என்ற அச்சம் எனக்கு உண்டு. புதிய ஏற்பாடுகளும் பழைய காயத்தையே புதிய இடத்தில் தொடுகின்றன: ரேஷன் கடையிலும் பென்ஷன் கொடுக்குமிடத்திலும் விரல் ரேகை கேட்கும் இயந்திரத்தின் முன், ரேகை தேய்ந்த விரலோடும் விரலே இல்லாத கையோடும் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். கண்ணின் அடையாளத்தை ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. அதை நினைவில் வைத்திருக்கும் சிப்பந்தி கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பிற்பகலில், சற்றுத் தொலைவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சென்றோம். குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கென்று விடுதியோடு தொடங்கப்பட்டு, இப்போது சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து படிக்கும் பள்ளி அது. பெரியவரின் கதையைக் கேட்டுவிட்டு வந்திருந்த என் மனத்தில், பெற்றோரிடமிருந்து பிரித்துப் பிள்ளைகளை விடுதியில் வைக்கும் ஏற்பாடு முதலில் உறுத்தலாகவே இருந்தது. அன்று சனிக்கிழமை, பெற்றோர்கள் வரும் நாள். தாழ்வாரம் முழுவதும் குடும்பங்கள். மடங்கிய விரல்களுள்ள ஒரு பாட்டி, பேத்தியை மடியில் போட்டு, இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே சீப்பை இடுக்கித் தலைவாரிக்கொண்டிருந்தார். பேத்தி சிக்கு இழுக்கிறதென்று சத்தம் போட்டாள். வேலி ஒன்றும் இல்லை. விடுமுறைக்கு வீடு, படிப்புக்கு விடுதி என்ற அளவில் எந்த ஊர்ப் பிள்ளையின் வாழ்க்கையும் இப்படித்தான் என்று கண்ட பின்பே என் உறுத்தல் அடங்கியது.

அங்கே நர்ஸுக்கு வேறு வேலை. சிறு பிள்ளைகளைச் சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகிலும் கைகளிலும் வெளுத்த தேமல் ஏதேனும் உண்டா என்று பார்த்து, இருந்தால் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லுவார். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் ஒரே வரிசை. உணர்ச்சியற்ற தேமல் யாரிடத்திலும் தென்படவில்லை. தென்பட்டால் அதுவும் மாத்திரைகளோடு தீரும் விஷயம். வரிசையில் நின்ற ஒரு பையன் கூச்சம் தாங்காமல் நெளிந்து, பேனா தொடுமுன்னரே தொட்ட இடத்தைக் காட்டிவிட்டு, அதற்காக மறுபடி வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டான். எங்களுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தடையின்றி வாசித்தார்கள். பெருக்கல் வாய்ப்பாட்டில் என்னையே சோதித்தார்கள். அவர்களோடு கழிந்த நேரத்தைப் பற்றி விசேஷமாக எழுத ஒன்றும் இல்லாதிருப்பதே அதன் விசேஷம்: குழந்தைகள் எங்கும் இருப்பதுபோல் இருந்தார்கள்.

மாலை நாலு மணியளவில், எங்களோடு வண்டியில் வந்திருந்த குடியிருப்புத் தலைவர் தலைமையாசிரியையின் அறைக்கு என்னையும் கூப்பிட்டார். அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன, நிரந்தர முகவரி என்ற கட்டம் ஒன்றைத் தவிர.

"மதுராந்தகத்துல இவ அத்தை வீடு இருக்கு," என்றார் பெரியவர். "அத போட்டுட்டா ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"ஆதார்லயே நம்ம தெருதான் தாத்தா இருக்கு," என்றாள் பெண்.

"மாத்திடலாம். மாத்த எத்தினி நாளாவும்?"

"மாத்திட்டு? ஹாஸ்டல்ல கூடப் படிக்கற பொண்ணுங்க வீட்டுக்கு வரேன்னா அத்தை வீட்டுக்கா கூட்டினு போவேன்? உன்ன யாருன்னு சொல்லுவேன்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியை தாம் அறிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னார். ஒருத்தி உறவினர் விலாசத்தைக் கொடுத்து நாலு வருஷம் படித்து முடித்தாள். அந்த நாலு வருஷத்தில் தன் பெற்றோர் ஒரு முறைகூடக் கல்லூரிப் பக்கம் வராதபடி பார்த்துக்கொண்டாள். மற்றவள் உள்ளதை எழுதினாள்; முதல் மாதத்தில் அறைத்தோழி ஒருத்தி வேறு அறை கேட்டுப் போனாள்; பிறகு அவளே திரும்பி வந்தாள்; இப்போது இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். எது சரியென்று தம்மால் சொல்ல முடியவில்லை என்றும், பிள்ளைகளிடம் உண்மையை எழுதும்படி கட்டளையிடும் உரிமை, அதற்கான விலையைக் கொடுக்காத தமக்கு இல்லை என்றும் அந்த அம்மையார் சொன்னார். அந்த வார்த்தை எனக்கும் பொருந்தும். ஆயினும் பெரியவர் கேட்டதால் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்: அந்தக் கட்டத்தில் இவள் எதை எழுதினாலும் இவள்மேல் குற்றமில்லை, அதைப் படித்து முகம் சுளிக்கிறவர்கள் இருக்கும் வரை, திருத்த வேண்டிய இடம் இந்தப் படிவத்தில் இல்லை, இவளைப் போல் பத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிகளில் வெள்ளையுடுப்போடு நின்று, எங்கள் ஊர் இன்னது என்று சொல்லும் காலத்தில் அத்தை வீடு தேவைப்படாது. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காலம் வர்ற வரைக்கும் இவ படிக்கணுமே சார்," என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

விண்ணப்பம் அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. கட்டத்தைக் காலியாகவே விட்டு, மற்றவற்றைச் சேமித்து வைத்தார்கள். பெரியவர் திங்கட்கிழமை மதுராந்தகம் போய் மகளைக் கலந்து வருவதாகச் சொன்னார். தானும் கூட வருவதாகப் பேத்தி சொன்னாள், அத்தையிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வருவதற்கு. வாசலில் நர்ஸ் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். ஆயாவின் கால் அளவுக் காகிதத்தை என்னிடம் கேட்டு வாங்கி, இடது, வலது என்று பெரிய எழுத்தில் குறித்து, செருப்பு தைப்பவரிடம் அன்று இரவே சேர்க்க வேண்டிய கட்டோடு வைத்துக்கொண்டார். புண் கட்ட உதவும் பழைய பருத்தி வேஷ்டிகள் எத்தனை கிடைத்தாலும், துவைத்து, கிழிக்காமல், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பும்படியும் சொன்னார்.